கோலேஜ் கொமுனிட்டி: 200 ரிங்கிட் கட்டணமும் அதன் பின்னால் நிற்கும் கணக்கும்

ஒரு செமஸ்டருக்கு 200 ரிங்கிட். மலேசியாவில் கோலேஜ் கொமுனிட்டி எனப்படும் சமூகக் கல்லூரியில் சான்றிதழ் படிப்புக்கு வாங்கும் கட்டணம் அவ்வளவுதான். நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து 800. ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைகூட இல்லை. "வீட்டில் சும்மா இருப்பதற்கு இதையாவது படிக்கட்டுமே" என்று பெற்றோர் சேர்த்துவிடுவதற்கும், "இலவசம் மாதிரி கொடுக்கிற படிப்புக்கு என்ன மதிப்பு" என்று ஒதுக்கிவிடுவதற்கும் இந்த ஒரே எண்தான் காரணம். இரண்டு முடிவும் அவசர முடிவு. கட்டணம் மொத்தச் செலவில் மிகச் சின்னப் பங்கு. பெரிய பங்கு, அந்த இரண்டு வருடத்தில் பிள்ளை சம்பாதித்திருக்கக்கூடிய பணம். அது திரும்பி வருமா வராதா என்பது எந்தத் தொழிலைப் படிக்கிறார், படித்த பிறகு அடுத்த தகுதிப் பத்திரத்தை எடுக்கிறாரா என்பதில் இருக்கிறது.

சமூகக் கல்லூரிகள் 2001இல் தொடங்கப்பட்டவை. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, மேலே போகப் போதிய மதிப்பெண் இல்லாதவர்களுக்கு ஒரு வழி திறப்பதே நோக்கம். இன்று நாடு முழுவதும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பினாங்கில் பாயான் பாரு, கெப்பாளா பத்தாஸ், நிபோங் திபால், தாசேக் கெலுகோர் ஆகிய இடங்களில் உண்டு. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பாடமும் கிடையாது. ஒவ்வொன்றும் சில துறைகளை மட்டுமே நடத்துகிறது. ஆகவே பிறையில் இருப்பவர் விரும்பும் பாடம் தீவில் இருக்கலாம்; ஜெலுத்தோங்கில் இருப்பவருக்கு அது கெப்பாளா பத்தாஸில் இருக்கலாம். பாடத்தை முதலில் பாருங்கள், பிறகு தூரத்தை. "வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது" என்பதற்காக விருப்பமில்லாத பாடத்தில் சேர்ந்தவர்கள்தான் இரண்டாவது செமஸ்டரில் காணாமல் போகிறார்கள்.

எந்தப் படியில் ஏறப் போகிறீர்கள்

முதலில் எஸ்.பி.எம். முடிவுத்தாளை மேசையில் வைத்துக் கிரெடிட்டுகளை எண்ணுங்கள். சி வரைக்கும் கிரெடிட். டி, இ இரண்டும் தேர்ச்சி மட்டும். சான்றிதழ் படிப்புக்கு மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். கிரெடிட் எத்தனை, எந்தப் பாடத்தில் என்பது படிப்புக்குப் படிப்பு மாறும். பொதுவாக ஒரு கிரெடிட் போதும். "எந்தப் பாடமானாலும்" என்று நிபந்தனை இருந்தால் தமிழ்மொழியில் வாங்கிய கிரெடிட்டைச் சும்மா விட்டுவிடாதீர்கள். பலர் அதைக் கணக்கிலேயே சேர்க்காமல் "எனக்குத் தகுதி இல்லை" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மூன்று கிரெடிட் இருந்தால் கதை வேறு. மூன்று கிரெடிட் என்பது டிப்ளோமாவுக்கான அடிப்படைத் தகுதி. பொறியியல் டிப்ளோமா என்றால் கணிதத்தில் கிரெடிட் கேட்பார்கள். அது இருந்தால் சான்றிதழில் சேராதீர்கள். பெர்மாத்தாங் பாவில் இருக்கும் செபராங் பிறை பாலிடெக்னிக்குக்கோ பாலேக் பூலாவ் பாலிடெக்னிக்குக்கோ நேரடியாக டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் போடுங்கள். அங்கேயும் செமஸ்டருக்கு 200 ரிங்கிட்தான். சான்றிதழ் முடித்துவிட்டு டிப்ளோமாவுக்குப் போனால், படித்த பாடங்களுக்கு விலக்கு கிடைக்காத இடங்களில் முதல் செமஸ்டரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். மூன்று வருடத்தில் முடிய வேண்டியது ஐந்து வருடமாகிவிடும். தெரியாமல் இழக்கும் அந்த இரண்டு வருடத்தை விட விலையுயர்ந்த தவறு இதில் இல்லை.

மலாய் மொழியோ வரலாறோ தேர்ச்சி இல்லையென்றால் எஸ்.பி.எம். சான்றிதழே கையில் இருக்காது. அந்தத் தாளை மட்டும் மறுதேர்வு எழுதலாம். எழுதி முடிக்கும் வரை வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அதற்கிடையில் "தகுதி பார்க்காமல் சேர்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது வந்தால், அவர்கள் கொடுக்கப் போகும் பத்திரத்துக்கு யார் அங்கீகாரம் கொடுத்தது என்று முதலில் கேளுங்கள்.

செலவு: ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்

சான்றிதழ் படிப்பு பெரும்பாலும் நான்கு செமஸ்டர்: மூன்று கல்லூரியில், ஒன்று வெளி நிறுவனத்தில் தொழிற்பயிற்சி. பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தபடியே பாயான் பாருவுக்கு மோட்டார்சைக்கிளில் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், முறை இதுதான்.

கட்டணம் 800. பதிவு நாளில் வாங்கும் சில்லறைக் கட்டணங்கள், சீருடை, பாதுகாப்புக் காலணி, கருவிகள் என்று ஆயிரம் ரிங்கிட்டை ஒதுக்கி வையுங்கள். மின் துறையில் காலணிக்கு 80 முதல் 150 வரை, மல்டிமீட்டருக்கு அதே அளவு. சமையல் துறையில் செஃப் சீருடையும் கத்தித் தொகுதியும் வரும். கணினித் துறை என்றால் லேப்டாப் தனிக் கணக்கு. முதல் நாளே எல்லாவற்றையும் வாங்கிவிட வேண்டாம். விரிவுரையாளர் எந்த வகைக் கருவி என்று சொன்ன பிறகு வாங்கினால், ஒரே சாமானை இரண்டு முறை வாங்கும் செலவு இருக்காது.

போக்குவரத்து. போகவர நாளுக்கு சுமார் 50 கிலோமீட்டர். சாதாரண கப்சாய் மோட்டாருக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், அதாவது 3 ரிங்கிட் அளவு. 22 நாளுக்கு 66. பினாங்குப் பாலத்தில் 2019 ஜனவரி 1 முதல் மோட்டார்சைக்கிளுக்கு டோல் இல்லை என்பது பெரிய உதவி. ஆனால் மாதம் 1,100 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும், டயர், சங்கிலி, பிரேக் எல்லாம் தேயும். எல்லாம் சேர்த்து மாதம் 110 என்று போடுங்கள். மதியச் சாப்பாடும் தண்ணீரும் நாளுக்கு 9 ரிங்கிட் என்றால் மாதம் சுமார் 200. ஆக மாதம் 310. 20 மாதத்துக்கு 6,200.

இதுவரை 8,000 ரிங்கிட். கையிலிருந்து வெளியே போகும் பணம் இதுதான், 800 அல்ல.

விடுதி பற்றி ஒரு வார்த்தை: பாலிடெக்னிக்கில் இருப்பதைப் போல சமூகக் கல்லூரியிலும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சேர்வதற்கு முன்னால் கல்லூரிக்குத் தொலைபேசி போட்டுக் கேளுங்கள். அறை வாடகைக்கு எடுக்க வேண்டி வந்தால் மாதம் 300 முதல் 450 வரை, மேலே முன்பணமும் கட்ட வேண்டும். 20 மாதத்துக்கு இன்னொரு 8,000. அந்த நிலையில், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கல்லூரியில் அதே பாடம் இருந்தால் அது கணக்கையே மாற்றிவிடும்.

இப்போது கண்ணுக்குத் தெரியாத செலவு. 18 வயதில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சேர்ந்தால் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் தொடங்கி ஆகஸ்டு முதல் சிறிய முதலாளிகளுக்கும் இதுவே. இ.பி.எஃப். எனும் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, 187 ரிங்கிட் போகும். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, வேலை காப்புறுதி என்று இன்னும் 11 ரிங்கிட் அளவு. கையில் சுமார் 1,500. இரண்டு வருடத்துக்கு 36,000. ஓவர்டைம் செய்தால் இன்னும் அதிகம்: மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 8ஆல் வகுத்து, ஒன்றரையால் பெருக்கினால் மணிக்கு சுமார் 12.25 ரிங்கிட். மாதம் 40 மணி நேரம் என்றால் 490.

ஓவர்டைமை விட்டுவிடுவோம். வேலைக்குப் போகிறவரும் சாப்பிடத்தான் செய்வார்; அந்தச் செலவாக 5,000ஐக் கழித்துக்கொள்ளலாம். 36,000 கூட்டல் 8,000 கழித்தல் 5,000: 39,000 ரிங்கிட். இரண்டு வருடப் படிப்பின் உண்மையான விலை இதுதான்.

இதில் பலர் கேட்பது: "இ.பி.எஃப். எங்கே?" வேலைக்குப் போகிறவரின் கணக்கில் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 408 ரிங்கிட் ஏறும். உண்மைதான். ஆனால் படித்தவருக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் சம்பளத்துக்கும் இ.பி.எஃப். ஏறும். இரண்டு பக்கமும் விட்டுவிட்டால் கணக்கு எளிமையாகும், திசை மாறாது.

இப்போது வகுத்துப் பாருங்கள். படிக்காமல் போயிருந்தால் அதே வயதில் என்ன சம்பளம் வாங்கியிருப்பாரோ, அதைவிடச் சான்றிதழ்காரர் மாதம் 200 ரிங்கிட் மட்டும் அதிகம் வாங்கினால், 39,000 திரும்பி வர 16 வருடத்துக்கு மேல் ஆகும். வித்தியாசம் 600 என்றால் ஐந்தரை வருடம். 1,000 என்றால் மூன்றே கால் வருடம். முழு முடிவும் இந்த வித்தியாசத்தில் தொங்குகிறது. மற்றதெல்லாம் விளிம்பு வேலை.

விலையைக் குறைக்கவும் வழி உண்டு. வார இறுதியில் சனி, ஞாயிறு எட்டு எட்டு மணி நேரம் வேலை செய்தால் மாதம் 64 மணி. குறைந்தபட்ச மணிக்கூலி 8.72 ரிங்கிட் என்பதால் 550க்கு மேல் வரும். போக்குவரத்தும் சாப்பாடும் அதிலேயே அடங்கிவிடும், மிச்சமும் இருக்கும். வார நாள் இரவு வேலை மட்டும் வேண்டாம். வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இறுதித் தேர்வு எழுத விடமாட்டார்கள். காலை 8 மணி வகுப்புக்கு இரவு 1 மணி வரை ரெஸ்டாரன்டில் நின்றவர் பாலம் தாண்டி வந்து சேர மாட்டார்.

வரவு: சம்பளத்தை உயர்த்துவது எது

சான்றிதழ் என்பது மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் மூன்றாம் நிலை. டிப்ளோமா நான்கு, பட்டம் ஆறு. மூன்றாம் நிலைப் பத்திரம் தனியாக நின்று சம்பளத்தைப் பெரிதாக உயர்த்துவது அபூர்வம். அது இன்னொரு கதவின் சாவி. எந்தக் கதவு என்பது துறைக்குத் துறை மாறும். அதனால்தான் "கல்லூரி நல்லதா" என்று கேட்பதை விட "இந்தத் துறையில் அடுத்த பத்திரம் என்ன, அதை யார் கொடுக்கிறார்கள்" என்று கேட்பது பயனுள்ளது.

மின் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் இதற்குத் தேவை நிலையானது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். சான்றிதழை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டு வயரிங்குக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட முடியாது. சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையம் கொடுக்கும் தகுதிச் சான்று வேண்டும். வயர்மேன் என்றால் ஒற்றைப் பேஸ், மூன்று பேஸ் என்று தனித்தனி. சோதனை செய்யும் அனுமதியோடு கூடிய பிரிவும் வேறாக உண்டு. வேலை முடிந்ததும் நிரப்பும் போராங் ஜி, போராங் எச் எனும் படிவங்கள் இரண்டிலும் தகுதிச் சான்று உள்ளவரின் கையெழுத்து இல்லையென்றால் வீட்டுக்கு மின்சாரம் வராது. தொழிற்சாலைப் பக்கம் போனால் சார்ஜ்மேன், அதாவது மின் நிறுவலுக்குப் பொறுப்பானவர்: ஏ0, ஏ1 என்று ஏறி பி வரிசைக்கும் போகும் படிகள். 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டு விதிகளும் பெரிய நிறுவல்களுக்குத் தகுதி பெற்றவரை வைத்தே ஆக வேண்டும் என்று சொல்வதால், சார்ஜ்மேனை முதலாளி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வேலைக்கு எடுத்தாக வேண்டும். சட்டம் உருவாக்கிய தேவை என்பதால் சம்பள வித்தியாசமும் அங்கேதான் நிற்கிறது.

ஆகவே மின் சான்றிதழுக்குப் போகிறவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இந்தக் கல்லூரியின் சான்றிதழ் எந்த எரிசக்தி ஆணையத் தேர்வுக்கு வழிவிடுகிறது? அதற்கு எத்தனை வருட அனுபவம் வேண்டும்? பயிற்சி முடித்தவர்கள் அந்தத் தேர்வை எங்கே எழுதுகிறார்கள்? பதிலைச் சொல்லக்கூடிய விரிவுரையாளர் இருந்தால் அது நல்ல அடையாளம். "முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், ஆணையத்தின் நிபந்தனைகளை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

குளிர்சாதனத் துறையிலும் இதே கதைதான், கொஞ்சம் சின்ன அளவில். குளிர்பதன வாயுவைக் கையாளும் டெக்னீஷியனுக்குச் சுற்றுச்சூழல் துறையின் அங்கீகாரப் பயிற்சி உண்டு. ஒழுங்கான ஒப்பந்த நிறுவனங்கள் அதைக் கேட்கும். பினாங்கு வெயிலில் ஏர்கோன் வேலைக்குப் பஞ்சமில்லை. சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவருக்கு இந்தத் துறை சம்பளக் கணக்கை மீறிப் போகலாம். ஆனால் ஏணியும் வாக்குவம் பம்பும் கேஜும் வாங்க முதலீடு வேண்டும்.

சமையல், பேஸ்ட்ரி, ஹோட்டல் இயக்கம்: இங்கே சட்டம் கேட்கும் பத்திரங்கள் எளியவை. உணவு கையாளுவோருக்கான பயிற்சியும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை போடும் டைஃபாய்டு ஊசியும்தான். அதனாலேயே சான்றிதழ் இல்லாதவரும் அதே சமையலறையில் வேலைக்குச் சேர முடியும், சம்பள வித்தியாசமும் ஆரம்பத்தில் மெல்லியது. ஐந்து நட்சத்திர ஹோட்டல் சமையலறையில் பயிற்சி கிடைத்தால் நிலைமை மாறும். ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: செய்முறை வகுப்பில் மாட்டிறைச்சி வரும். தொடக்கூடாது என்று வீட்டில் கட்டுப்பாடு இருந்தால், மாற்று ஏற்பாடு உண்டா என்று சேர்வதற்கு முன்பே பேசிவிட வேண்டும். முதல் தேர்வு நாளில் பேசினால் மதிப்பெண்தான் போகும். அதே போல, ஹோட்டலில் பயிற்சி எடுக்கிறவருக்குத் தீபாவளி விடுமுறை நிச்சயமில்லை. பண்டிகைக் காலத்தில்தான் ஹோட்டலுக்குக் கூட்டம்.

வாகனச் சேவை, ஃபேஷன், அழகுக்கலை போன்றவற்றில் சம்பளத்தை விடக் கைத்திறனும் வாடிக்கையாளரும்தான் பணம். அங்கே சான்றிதழைச் சம்பள வித்தியாசமாகப் பார்க்காமல், சொந்தக் கடைக்கான பயிற்சியாகப் பாருங்கள். கடை போடும் எண்ணமே இல்லையென்றால் 39,000 ரிங்கிட்டுக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

டிப்ளோமாவுக்கு ஏற நினைப்பவருக்கு ஒரே எண்: சி.ஜி.பி.ஏ. எனும் மொத்தச் சராசரிப் புள்ளி. சான்றிதழிலிருந்து டிப்ளோமாவுக்கு 2.00 குறைந்தபட்சம். ஆனால் இடத்துக்குப் போட்டி இருப்பதால் 2.00 வைத்துக்கொண்டு விருப்பப்பட்ட பாடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். முதல் செமஸ்டரில் விழுந்த புள்ளியை மூன்றாவது செமஸ்டரில் தூக்குவது கடினம். படிப்பு குறுகியது, சரி செய்ய இடமே இல்லை. டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்குப் போக விரும்புகிறவர்கள், தொழில்நுட்பப் பக்கம் வலுவான, எம்.டி.யூ.என். எனும் கூட்டமைப்பில் உள்ள பல்கலைக்கழகங்கள் நான்கையும் பார்க்கலாம்: மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், துன் உசேன் ஓன், பகாங்கின் அல்-சுல்தான் அப்துல்லா, பெர்லிஸ். பெர்லிஸ்தான் பினாங்குக்கு அருகில். சான்றிதழிலிருந்து பட்டம் வரை மொத்தம் எட்டு, ஒன்பது வருடம் ஆகலாம். அதைத் தெரிந்தே ஏற வேண்டும்.

விளம்பரப் பலகையில் இருக்கும் சதவிகிதம்

பொதுமக்கள் வந்து பார்க்கக் கல்லூரியைத் திறந்துவிடும் நாளில் வாசலில் "பட்டதாரி வேலைவாய்ப்பு விகிதம்" என்று பெரிய எண் தொங்கும். அதில் பொய் இல்லை. ஆனால் அது என்ன எண் என்று புரிந்துகொள்ள வேண்டும். உயர்கல்வி அமைச்சின் பட்டதாரி கண்காணிப்பு ஆய்விலிருந்து வரும் அந்த விகிதத்தில், வேலை செய்கிறவர் மட்டும் இல்லை. மேல்படிப்புக்குப் போனவர், திறனை வளர்த்துக்கொண்டிருப்பவர், வேலையில் சேரக் காத்திருப்பவர் எல்லாரும் சேர்க்கப்படுகிறார்கள். வேலை செய்கிறவரிலும், படித்த துறையிலேயே செய்கிறாரா, மாலில் காசாளராக இருக்கிறாரா என்று அந்த ஒற்றை எண் சொல்லாது.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "கடைசியாக முடித்த வகுப்பில் எத்தனை பேர் இதே துறையில் வேலை செய்கிறார்கள்? தொழிற்பயிற்சி எடுத்த இடத்திலேயே எத்தனை பேரை வைத்துக்கொண்டார்கள்? ஆரம்பச் சம்பளம் என்ன?" பாடத் தலைவருக்குப் பெரும்பாலும் இது விரல் நுனியில் இருக்கும். அதோடு, அந்தப் பாடத்தை முடித்த மூன்று பேரையாவது தேடிப் பேசுங்கள். ஒருவர் சொல்வது அவரவர் அனுபவம். மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் அது கல்லூரியின் குறை.

வேறு வழிகளோடு ஒப்பிட்டால்

தனியார் கல்லூரி டிப்ளோமாவுக்கு மொத்தக் கட்டணம் 20,000 ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம். பி.டி.பி.டி.என். எனும் தேசிய உயர்கல்வி நிதியின் கடன் எடுக்கலாம்; 20,000 ரிங்கிட்டைப் பத்து வருடத்தில் திருப்பிக் கட்டினால் ஆண்டுக்கு 1 விழுக்காடு ஊஜ்ரா எனும் சேவைக் கட்டணம் சேர்த்து மாதம் சுமார் 183. இது சின்னத் தொகையாகத் தெரிந்தாலும், முதல் வேலையின் சம்பள உயர்வை முழுக்க அதுவே தின்றுவிடும். அரசாங்கப் பாலிடெக்னிக்கில் அதே டிப்ளோமாவின் கட்டணம் ஆறு செமஸ்டருக்கு 1,200. இடம் கிடைக்காத பட்சத்தில்தான் தனியார்.

மனிதவள அமைச்சின் கீழ் இருக்கும் ஐ.எல்.பி. (தொழிற்பயிற்சிக் கழகம்) போன்ற பயிற்சிக் கழகங்கள் வேறு பாதை. கெப்பாளா பத்தாஸில் ஒன்று உண்டு. அங்கே கிடைப்பது எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ், 1 முதல் 3 வரை நிலைகள், பிறகு டி.கே.எம். எனும் திறன் டிப்ளோமா. தொழிற்சாலைகளுக்கு நன்றாகப் பரிச்சயமான பத்திரம். படிக்கும்போதே சம்பாதிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் வீடுகளுக்கு எஸ்.எல்.டி.என். எனும் இரட்டைப் பயிற்சி முறை பொருந்தும்: நேரத்தில் 70 முதல் 80 விழுக்காடு நிறுவனத்திலேயே, மிச்சம் பயிற்சி மையத்தில், நிறுவனம் உதவித்தொகை கொடுக்கும். 39,000 ரிங்கிட் கணக்கின் பெரும்பகுதியை இது கரைத்துவிடும். நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசுவது குறைவு என்பது வருத்தமான விஷயம்.

தனியார் திறன் பயிற்சி மையங்கள் பள்ளியிலும் கோயில் மண்டபத்திலும் மேசை போட்டு ஆள் சேர்ப்பதுண்டு. நல்லவையும் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் இரண்டு வேலை: திறன் மேம்பாட்டுத் துறையின் மைஸ்பைக் தளத்தில் அந்த மையமும் அந்தப் பாடமும் அந்த நிலையும் பதிவில் இருக்கிறதா என்று தேடுங்கள், டிப்ளோமா என்று சொன்னால் எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் தேடுங்கள். "இலவச லேப்டாப்" என்றால் அது பி.டி.பி.கே. எனும் திறன் மேம்பாட்டு நிதியின் கடன் தொகையில் எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பி.டி.பி.கே. கொடுப்பது கடன், அன்பளிப்பு இல்லை.

சேர்வது என்று முடிவானால்

விண்ணப்பம் பெரும்பாலும் அரசாங்க உயர்கல்விச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. இணையத்தளத்தின் வழியாகத்தான். தேர்வுப் பட்டியலின் வரிசை முக்கியம். "எதற்கும் இருக்கட்டும்" என்று மேலே போட்ட பாடம் கிடைத்துவிட்டால் அதுதான் உங்கள் பாடம். எஸ்.பி.எம். முடிவு வந்ததும் தகவலைப் புதுப்பிக்கும் காலத்தில் மறுபடியும் உள்ளே போய் வரிசையைச் சரிபார்க்க வேண்டும். இடம் கிடைத்தால் கொடுத்த நாள்களுக்குள் இணையத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். பழைய தொலைபேசி எண்ணையும் மறந்துபோன மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு, கடைசி நாள் தாண்டிய பிறகு கல்லூரி வாசலில் நிற்பது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது.

ஏற்றுக்கொள்வதற்கு முன் ஒரு வார நாள் காலை, வகுப்பு நேரத்துக்கே ஒரு தடவை போய்ப் பாருங்கள். பேருந்தில் போகிறவர் பேருந்தில், மோட்டாரில் போகிறவர் மோட்டாரில். 7 மணிக்குப் பாலத்து நெரிசலும் மழையும் எப்படி இருக்கும் என்று கூகுள் வரைபடம் முழுக்கச் சொல்லாது.

பாடங்கள் மலாய் மொழியில். எஸ்.பி.எம். மலாய் தேர்ச்சி பெற்றவருக்குப் பேச்சு பிரச்சினை இல்லை. தொழில்நுட்பச் சொல்லும் அறிக்கை எழுதுவதும்தான் இடறும். தொழிற்பயிற்சி அறிக்கைக்குத் தனி மதிப்பெண் உண்டு என்பதால் முதல் செமஸ்டரிலேயே எழுதிப் பழகுவது நல்லது.

பண உதவிக்குக் கல்லூரியின் மாணவர் நலப் பிரிவில் கேளுங்கள். அறிவிப்புப் பலகையில் தெரியும் ஜகாத் உதவி முஸ்லிம் மாணவர்களுக்கானது. நம் பிள்ளைகளுக்கு வேறு நிதி உண்டா என்று நேராகக் கேட்டால்தான் தெரியவரும். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் மேற்படிப்பு மாணவர்களுக்கு உதவி வழங்கி வருகிறது. சான்றிதழ் நிலைக்கும் உண்டா என்று அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். குடும்பம் இ-காசே எனும் வறிய குடும்பங்களுக்கான அரசாங்கப் பதிவில் இருந்தால் அந்த அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்பயிற்சிதான் எல்லாவற்றையும் விட முக்கியம், ஆனால் அதைத்தான் எல்லாரும் கடைசியில் யோசிக்கிறார்கள். கல்லூரி பட்டியல் கொடுக்கும் வரை காத்திருந்தவருக்கு மிஞ்சியது கிடைக்கும். மிஞ்சியதில் ஒன்று, நான்கு மாதமும் கேபிள் சுருட்டிவிட்டுத் தேநீர் வாங்கி வரும் இடமாக இருக்கலாம். இரண்டாவது செமஸ்டர் முடிவதற்குள் பத்து நிறுவனங்களின் பட்டியலை நீங்களே எழுதுங்கள். மின் துறை என்றால் தொழிற்சாலைகளின் பராமரிப்புப் பிரிவு, சார்ஜ்மேன் இருக்கும் கட்டட நிர்வாகம், மின் ஒப்பந்தக்காரர்கள். கல்லூரியின் அதிகாரப்பூர்வக் கடிதம் இல்லாமல் எவரும் எடுக்கமாட்டார்கள். பெரிய தொழிற்சாலைகள் காப்புறுதி, மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு வகுப்பு என்று வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். கடிதம் கேட்பதை மூன்றாவது செமஸ்டரின் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். நேர்காணலில் உதவித்தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "எந்த இயந்திரத்தில், யாருக்குக் கீழ் வேலை செய்வேன்" என்று கேளுங்கள். உதவித்தொகை கொடுக்காத நல்ல பட்டறை, மாதம் 500 கொடுத்துக் கோப்பு அடுக்க வைக்கும் அலுவலகத்தை விட மேல். பயிற்சியின்போது செய்த ஒவ்வொரு வேலையையும் தேதியோடு பதிவுப் புத்தகத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். பின்னால் தகுதிச் சான்றுத் தேர்வில் அனுபவத்துக்கு ஆதாரம் கேட்கும்போது கையில் காட்ட ஏதாவது இருக்கும்.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் பெரியவர்களுக்கு இரண்டு வருடப் படிப்பு தேவையில்லை. சமூகக் கல்லூரிகள் வார இறுதியில் குறுகியகாலப் பயிற்சிகள் நடத்துகின்றன: வயரிங் அடிப்படை, ஏர்கோன் சேவை, கேக், தையல், கணினி. ஒரு நாளோ இரண்டு நாளோ, கட்டணமும் குறைவு. பிள்ளையை இரண்டு வருடம் சேர்க்கலாமா என்று தயங்கும் வீட்டுக்கும் இது ஒரு சோதனை: எஸ்.பி.எம். முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் அதே துறையில் ஒரு குறுகியகாலப் பயிற்சிக்கு அனுப்பிப் பாருங்கள். இரண்டு நாள் ஸ்குரூடிரைவரைப் பிடித்த பிறகும் திங்கட்கிழமை அதைப் பற்றியே பேசினால் விண்ணப்பத்தில் அந்தப் பாடத்தை முதல் இடத்தில் போடலாம்.